குடியிருப்பவர் உள்ள வீட்டை விலை இறங்கும் காலத்தில் விற்பது

வீட்டு விலை இறங்கத் தொடங்கியதும், வாடகைக்கு விட்ட வீட்டை விற்க நினைக்கும் உரிமையாளர்கள் பத்திரங்களை எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற சொத்து வழக்கறிஞர்களிடம் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "குடியிருப்பவரை எப்படிக் காலி செய்ய வைப்பது?" என்பதுதான். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த வீட்டை வாங்கப்போகிறவர் யார் என்பது. தாமே குடியேற வாங்குபவருக்கு வீடு காலியாக இருக்க வேண்டும். வருமானத்துக்காக வாங்குபவருக்கோ, தேதி தவறாமல் வாடகை கொடுக்கும் குடும்பம் உள்ளே இருப்பதே அந்த வீட்டின் பலம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் மதிப்பு 100 என்றும், ஆண்டு வாடகை அதில் 4 என்றும், விலை மாதம் 1 வீதம் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். காலி செய்ய மூன்று மாதமும், அதன்பின் ஆள் பார்த்துப் பத்திரம் முடிக்க நான்கு மாதமும் ஆனால், குடியிருப்பவரோடு விற்றாலும் அந்த நான்கு மாதம் ஆகும் என்பதால், தாமதமான மூன்று மாதத்துக்கு விலையில் மட்டும் 3 குறைந்துவிடுகிறது. பூட்டிக் கிடந்த நான்கு மாதத்துக்கு வாடகை இல்லை, அது 1.3. வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டியும் மூன்று மாதம் கூடுகிறது. ஆகவே காலி வீட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை இவை அனைத்தையும் தாண்டினால்தான் காலி செய்யச் சொல்வதில் பொருள் உண்டு. வாடகை மிகக் குறைவாக இருக்கும் வீடுகளிலும், குடியிருப்பவரை வெளியேற்றுவது கடினமாக உள்ள ஊர்களிலும் அந்த வேறுபாடு பெரிதாக இருக்கும். அங்கே காலி செய்து விற்பதே சரியாக அமையலாம். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே நோட்டீஸ் அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்கள்.

விலை சொல்வதிலும் கணக்குப் போடாத இதே போக்கு இருக்கிறது, ஆனால் அங்கே அது அவசரமாக அல்ல, காத்திருப்பாக முடிகிறது. 1990களில் பாஸ்டன் நகரில் நடந்த அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்கும் கீழே விற்க நேர்ந்த உரிமையாளர்கள், அந்த இழப்பில் 25 முதல் 35 விழுக்காடு வரையிலான தொகையைக் கூட்டி விலை சொன்னார்கள். இறுதியில் அவர்கள் கூடுதலாகப் பெற்றதோ அந்த இழப்பில் 3 முதல் 18 விழுக்காடுதான், அதுவும் வீடு நெடுநாள் விற்காமல் கிடந்த பிறகு. குடியிருப்பவர் உள்ள வீட்டில் இந்தக் காத்திருப்பு இன்னும் கனமானது. வாரந்தோறும் அந்நியர் வந்து அறைகளைப் பார்த்துப் போவதைச் சகித்துக்கொள்ளும் குடும்பம், நான்காவது மாதத்தில் வேறு வீடு தேடத் தொடங்கிவிடும்.

வீட்டை விற்றுவிட்டாலே வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உள்ளது. பெரும்பாலான இடங்களில் அது தவறு. ஜெர்மனியின் குடிமைச் சட்டத் தொகுப்பில் 566ஆம் பிரிவின் தலைப்பே 'விற்பனை வாடகையை முறிக்காது' என்பதுதான். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109ஆம் பிரிவில், வீட்டை வாடகைக்குக் கொடுத்தவரின் உரிமைகளை வாங்கியவருக்கு மாற்றுகிறது. குடியிருப்பவர் விரும்பினால் பொறுப்புகளும் வாங்கியவரையே சேரும். இங்கிலாந்தில் 2026 மே முதல் பொருந்தும் விதிகளின்படி, விற்பதற்காகக் காலி செய்யச் சொல்ல நான்கு மாத நோட்டீஸ் தேவை. அப்படிச் செய்த பின் 12 மாதங்களுக்கு அந்த வீட்டை மீண்டும் வாடகைக்கு விட முடியாது. இறங்கும் சந்தையில் இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்: காலி செய்த வீடு விற்காமல் போனால், வாடகையும் இல்லை, விலையும் இல்லை.

குடியிருப்பவரிடம் முதலில் பேசிவிடுங்கள் என்றே நான் சொல்லிவருகிறேன். ஓர் உரிமையாளர், குடியிருந்த குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் வீட்டை விளம்பரப்படுத்தினார். வருமானத்துக்காக வாங்கும் ஒருவர் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தார். விளம்பரத்தைத் தற்செயலாகப் பார்த்த குடும்பம், இனி நமக்கு இங்கே இடமில்லை என்று அஞ்சி ஆறு வாரத்தில் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. வாங்க வந்தவரும் பின்வாங்கினார். ஒரு மாலைப்பொழுதில் நேரில் போய், "வாங்குபவர் உங்களைத் தொடர்ந்து இருக்கச் சொல்லக்கூடும்" என்று சொல்லியிருந்தால் அந்த விற்பனை நடந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். வேறொரு வீட்டில், இப்படிப் பேசப் போனபோது குடியிருந்தவரே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வீட்டின் குறைநிறைகள் அவருக்கு முன்பே தெரியும். தரகும் இல்லை, காலியாகக் கிடந்த நாளும் இல்லை.

வீட்டைக் காட்டுவதற்கு வாரத்தில் இரண்டு நேரங்களை அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்வதும், அந்த மாதங்களில் வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வதும், அவர்களுடைய பொருள்களும் பிள்ளைகளின் படங்களும் தெரியும்படி ஒளிப்படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பதும் சலுகைகள் அல்ல. அது இன்னும் அவர்கள் குடியிருக்கும் வீடு. மேலே சொன்ன கணக்கில் அரை மாத வாடகை 0.17தான்.

ஆவணங்களில் நான் வற்புறுத்துவது, குடியிருப்பவர் கையொப்பமிட்ட ஓர் உறுதிக் கடிதம்: வாடகை எவ்வளவு, எதுவரை செலுத்தப்பட்டுள்ளது, முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதி ஏதும் உண்டா. இந்தக் கடைசிக் கேள்விதான் பல விற்பனைகளைக் காப்பாற்றியிருக்கிறது. கடைசி இரண்டு மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை, கிரயத்துக்கு முந்தைய நாள் வெளிப்பட்டால் வாங்குபவர் எல்லாவற்றையுமே சந்தேகிப்பார். முன்பணம் யார் கையில் இருக்கிறது, யார் திருப்பித் தர வேண்டும் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

பத்திரம் முடிந்த அன்றே, இனி வாடகையை யாரிடம், எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கையொப்பமிட்ட கடிதத்தைக் குடியிருப்பவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன 109ஆம் பிரிவின்படி, வீடு கைமாறியதை அறியாமல் பழைய உரிமையாளரிடமே வாடகை செலுத்தியவர் அதை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு முன் நிலுவையாக நின்ற வாடகையும், தனியே எழுதிக்கொள்ளாவிட்டால், வாங்கியவருக்குச் சேராது. ஆகையால் நிலுவை இருந்தால் அந்தத் தொகையையும், அது யாருக்கு உரியது என்பதையும் கிரயப் பேச்சின்போதே தீர்த்து எழுதிவிடுங்கள்.