வர்க்கிப் பெட்டிக்குள் நாலு குட்டி

ஜனவரி மாதக் குன்னூரில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினால் யாரும் சட்டென்று திறக்க மாட்டார்கள். கரடி கதவைத் தட்டாது என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும். அன்று தட்டியது கீழே லைன் வீட்டில் இருக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண். கையில் ஊட்டி வர்க்கி அடைத்து வந்த அட்டைப்பெட்டி. உள்ளே நாலு நாய்க்குட்டி. ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. தாயை முந்தின ராத்திரி சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"அக்கா, பால் இருக்கா? காய்ச்சிக் குடுத்திரலாம். கத்தக்கூட தெம்பில்ல பாருங்க."

எனக்கும் அதுதான் தோன்றியது. நல்லவேளை, முதலில் நாய்க் காப்பகத்து டாக்டருக்கு போன் போட்டேன். அவர் பசியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வாய்க்குள்ள விரலை வெச்சுப் பாருங்க. சூடா இருக்கா, ஜில்லுனு இருக்கா?"

ஜில்லென்று இருந்தது.

"அப்ப பால் ஒரு சொட்டுகூட வேண்டாம். முதல்ல சூடு."

பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டியின் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். பெரிய நாய்க்கு அது 38.5 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த அளவை எட்டக் குட்டிக்கு ஏறக்குறைய 4 வாரம் பிடிக்கும். குளிர்ந்தால் நாம் நடுங்குகிறோம், தசைகள் தாமே உதறிக்கொண்டு வெப்பத்தை உண்டாக்குகின்றன. பிறந்த புதிதில் குட்டிக்கு அந்த நடுக்கமே கிடையாது. உடம்பில் கொழுப்பும் பெரிதாக இல்லை. போதாததற்கு உருவம் வேறு சிறிது. பாத்திரம் நிறைய இருக்கும் டீயைவிடச் சின்ன டம்ளரில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆறிப்போவது மலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எடைக்கு மேற்பரப்பு அதிகமாக இருந்தால் வெப்பம் ஓடிவிடும். தாயின் வயிற்றுச் சூடும் கூடப்பிறந்தவற்றின் சூடும்தான் அதற்குக் கம்பளி.

உடல் வெப்பம் 34, 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடலின் அசைவு நின்றுவிடுகிறது. உறிஞ்சிக் குடிக்கும் அனிச்சையும் போய்விடும். அந்த நிலையில் ஊற்றும் பால் செரிக்காமல் வயிற்றில் கிடந்து உப்பும். இல்லையென்றால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் பிடிக்கும். கருணையோடு பால் புகட்டி, காலையில் செத்துக் கிடந்த குட்டியைப் பார்த்து அழுதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பசியால் போனது என்றுதான் அவர்கள் இன்னமும் நினைக்கிறார்கள்.

சூடேற்றுவதிலும் அவசரம் ஆகாது. தணலுக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் வெந்துவிடும். தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து, உள்ளுறுப்புகளுக்குப் போகவேண்டிய ரத்தம் வெளிப்பக்கம் இழுபட்டுவிடும். ஒரு மணி முதல் மூன்று மணி நேரம்வரை எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும். முன்பு இதற்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். மின்சாரத்தில் பெரும்பகுதியை அது வெப்பமாகத்தான் வீணாக்கும். அந்த வீண்தான் நமக்கு வேண்டியது. இப்போது வீடு முழுக்க எல்இடி. மேஜை விளக்கைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, சூடுதான் இல்லை. கடைசியில் கைகொடுத்தது சுடுதண்ணீர்ப் பை. துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன். அந்த வயதுக் குட்டிக்குப் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். என் சமையலறையில் அப்போது 13.

ஏன் ஒரு பாதியில் மட்டும்? கண்ணும் காதும் திறக்காத குட்டி தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே சூடு இருக்கும் பக்கம் ஊர்ந்து வரும். அதிகமாகிவிட்டால் விலகிப் போக அதற்கு இடம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கினால் சூடு கூடிவிட்டது. பக்கம் பக்கமாகச் சத்தமில்லாமல் தூங்கினால் சரி.

பன்னிரண்டரை மணிக்குத்தான் முதல் பால். அதுவும் பசும்பால் இல்லை, குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவு. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கும். பால் சர்க்கரை மட்டும் குறைவு. பசும்பாலையே நம்பினால் குட்டி இளைக்கும், பேதியும் ஆகும். நம் பிள்ளைகளைப்போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டக் கூடாது. தாயிடம் எப்படிக் குப்புறக் கிடந்து குடிக்குமோ அப்படியே. குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும். மூன்று வாரம்வரை தாய் நக்கிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரும் மலமும் வரும், தானாக வராது. தினமும் காலையில் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதினேன். ஒரு நாளைக்கு 5 முதல் 10 சதவீதம்வரை ஏறினால் நல்லது. ஏறாத நாள்தான் டாக்டருக்கு போன் போடும் நாள். நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் காப்பகத்திலேயே செய்யலாமே, எதற்கு ஒரு வீடு என்று கேட்பவர்கள் உண்டு. 'ஃபாஸ்டர்' என்று இங்கே எல்லாரும் சொல்லும் இந்தத் தற்காலிக வளர்ப்பை, இடம் இல்லாததால் செய்யும் ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் அதைவிடப் பெரியது. குட்டியின் உடம்புக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று சொல்வதற்கு நேர் எதிராக மற்றொன்று சொல்லும்.

முதல் கடிகாரம் நோய் எதிர்ப்பு. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. தாய்வீட்டுச் சீதனம் மாதிரி, அது செலவாகுமே தவிரப் பெருகாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கு எதிரான சீதனம் ஏறக்குறைய 10 நாளுக்கு ஒரு தடவை பாதியாகிறது. 40 நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த அதே வைரஸ். தாயின் எதிர்ப்பொருள் அதையும் எதிரியென்றே எண்ணி அழித்துவிடும். ஆகவே நோயைத் தடுக்கப் போதாமலும், ஊசியைக் கெடுக்க மட்டும் போதுமாகவும் சீதனம் நிற்கும் சில நாட்கள் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. தாயிடம் எவ்வளவு இருந்தது, எந்தக் குட்டி எவ்வளவு குடித்தது என்பதைப் பொறுத்து அந்த நாட்கள் மாறும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும். குட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு ஊசி வீதம், 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். "ஒண்ணு போட்டாச்சே, போதாதா?" என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தடுத்து வருவது முதல் ஊசிக்குத் துணை ஊசி இல்லை, எந்த ஊசி உண்மையிலேயே முதல் ஊசியாகப் பிடிக்கப்போகிறது என்று தெரியாததால் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும் கதவு.

1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ லேசான நோயில்லை. வேகமாகப் பிரியும் செல்களைத் தேடிப் போய்க் குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது அசையாது. 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்தால்தான் சாகும். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. நிழலும் ஈரமும் குளுமையும் என்றால் கொண்டாட்டம். நீலகிரியைவிடத் தோதான இடம் வேறெங்கே? நாளும் புது நாய் வந்து இறங்கும் காப்பகம், எவ்வளவு கழுவினாலும், ஊசி முழுதாகப் பிடிக்காத குட்டிக்கு ஆபத்தான இடமே. முதல் கடிகாரம் சொல்வது: 16 வாரம்வரை யாரையும் சேர்க்காதே, எங்கும் போகாதே.

இரண்டாவது கடிகாரம் மூளை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 1961இல் வெளியானது. உயர்ந்த வேலி போட்ட வெளியில், மனித முகமே பார்க்காமல் குட்டிகளை வளர்த்தார்கள். சாப்பாடுகூட ஓட்டை வழியாகத்தான். 2, 3, 5, 7, 9 வாரங்களில் சில குட்டிகளை எடுத்து ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டுத் திரும்ப விட்டார்கள். சிலவற்றை 14 வாரம்வரை தொடவே இல்லை. இளம் குட்டிகள் மனிதனைக் கண்டதும் ஓடி வந்தன. வாரம் ஏற ஏறத் தயக்கமும் ஏறியது. 14 வாரம் தனியாக இருந்தவை காட்டு விலங்குகள்போல ஆகிவிட்டன. அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சியும் பெரிதாகப் பயனில்லை. ஏறக்குறைய 3ஆவது வாரத்தில் திறந்து 12 முதல் 14 வாரத்துக்குள் சாத்திக்கொள்ளும் ஜன்னல் அது. அதற்குள் பார்த்தது, கேட்டது, மோந்தது எல்லாம் 'நம்ம உலகம்'. பிறகு வருவதெல்லாம் சந்தேகத்துக்கு உரியது.

ஆக ஒரு கடிகாரம் 16 வாரம் கதவைச் சாத்து என்கிறது. மற்றொன்று 12 வாரத்துக்குள் எல்லாவற்றையும் காட்டிவிடு என்கிறது. நோய்க்குப் பயந்து கூண்டில் தனியாக வைத்தால் குட்டி பிழைக்கும், ஆனால் ஆளைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் நாயாக வளரும். அப்படிப்பட்ட நாயைத் தத்தெடுக்க யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கடிகாரத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லக்கூடிய இடம் சாதாரண வீடு. நாய்கள் குறைவு, மனுஷச் சத்தம் அதிகம்.

எங்கள் வீட்டுக் கிழ நாய் மணிக்கு எல்லா ஊசியும் போட்டிருந்தது. இருந்தாலும் முதல் 14 நாள் அவனைக் குட்டிகளிடம் விடவில்லை. நோய் எதையாவது சுமந்து வந்திருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்துவிடும். பூச்சி மருந்து 2 வாரத்திலேயே தொடங்கியது, ஏனென்றால் உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் வருவது. மூன்று வாரம் தாண்டியதும் பெட்டியைச் சமையலறை மூலைக்கு மாற்றினேன். குக்கர் விசில், மிக்ஸி, உளுந்து அரைக்கும் கிரைண்டர், டிவியில் சண்டை. முதல் விசிலுக்கு நாலும் உறைந்தன. ஐந்தாவதுக்குக் கொட்டாவி. குரங்குக் குல்லா போட்ட ஆள், குடை விரிக்கும் ஆள், மழைக்கோட்டு, தடியூன்றி நடக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். எல்லாரும் கைகழுவி, செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே. ஆறு வாரத்துக்குப் பிறகு ஸ்வெட்டருக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போய் வந்தேன். தரையில் காலை மட்டும் வைக்கவிடவில்லை. பார்வோ இருப்பது தரையில்; பஸ்ஸின் ஹாரன் இருப்பது காற்றில்.

பெரிய நாய்களுக்கும் வீட்டு வாசம் உடம்பில் தெரிகிறது. அமெரிக்காவில் 5 காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. சிறுநீரில் இருந்த கார்டிசால், அதாவது மன அழுத்த ஹார்மோன், வீட்டில் இருந்தபோது இறங்கியது. திரும்பியதும் பழைய அளவுக்கு ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப அடைப்பது கொடுமை என்று நினைத்திருந்த எனக்கு அந்தக் கடைசித் தகவல் பெரிய ஆறுதல்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சொல். ராத்திரி குட்டியை வராந்தாவில் கட்டுவது சிறுத்தைக்குச் சோறு போட்டதற்குச் சமம். மற்றொன்று டிஸ்டெம்பர், நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் தொற்றும் வைரஸ் நோய். 1994இல் செரெங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அது கொன்றது. 2018இல் கிர் காட்டுச் சிங்கங்களிலும் புகுந்தது. முதுமலையில் செந்நாய்கள் இருக்கின்றன. நம் குட்டிக்குப் போடும் ஊசி அவற்றுக்கும் வேலி. வெறிநோய் ஊசி 3 மாதத்தில். அதற்கு முன் பல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், குட்டிதானே என்று விடக் கூடாது. இந்த ஊரில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில், வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் நிற்கிறது.

ஒன்பதாவது வாரம் நாலும் புது வீடுகளுக்குப் போயின. அதற்கு முன்னாலேயே கேட்டவர்களுக்கு இல்லை என்றேன். ஒன்றையொன்று கடித்து, வலித்துக் கத்தி, விளையாட்டில் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று கூடப்பிறந்தவற்றிடம் கற்கும் வயது அது. மனிதர்களால் அந்தப் பாடத்தை அவ்வளவு நன்றாக நடத்த முடியாது. மிச்ச ஊசிகளின் தேதியை எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தேன். கடைசியாகப் போன பெண்குட்டி, கோத்தகிரி வீட்டுக்காரர் கையில் இருந்தபடியே என் சமையலறையைத் திரும்பிப் பார்த்தது. குக்கர் விசில் அடித்தது. காதுகூட அசையவில்லை.

துணிகளைப் பிளீச்சில் ஊறவைத்து வெயிலில் போட்டேன். அட்டையை எதில் முக்கியும் சுத்தம் செய்ய முடியாது. வர்க்கிப் பெட்டியைக் கொல்லையில் எரித்துவிட்டேன். மறுநாள் பேக்கரியில் போய் நின்றதும் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிப் பையனிடம் சொன்னார்: "தம்பி, அக்காவுக்கு ஒரு காலிப் பெட்டி. பெருசா பாத்து எடு."