மெழுகு எப்படி க்ரீம் போல நிற்கிறது?

கப்கேக் வடிவ மெழுகுவர்த்திகளை வீட்டிலேயே செய்யும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மேலே க்ரீம் மாதிரி மெழுகைப் பிழிகிறேன். ஒரு நாள் அழகாக நிற்கிறது. இன்னொரு நாள் அதே மெழுகு வழிந்து ஓடுகிறது, இல்லையென்றால் பைப்பிங் பையின் முனையில் இருக்கும் நாசிலுக்குள்ளேயே கட்டியாகிவிடுகிறது. ஏன்?"

அடிப்பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுப் பாத்திரத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்குகிறோம். பாரஃபின் மெழுகின் ஆவி தீப்பற்றச் சுமார் 200 டிகிரி வேண்டும்; தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் ஆபத்தில்லை. அச்சில் ஊற்றிய மெழுகு உறையும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கக்கூடும், அதனால் நடுவில் குழி விழும். மேலே க்ரீம் வரப்போவதால் அந்தக் குழியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சரி, க்ரீமுக்கு வருவோம். பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும் என்று படித்திருக்கிறோம். மெழுகு அப்படி ஒரே புள்ளியில் உருகுவதில்லை. பாரஃபின் என்பது ஒரே பொருள் அல்ல. 20 முதல் 40 வரை கார்பன் அணுக்கள் கொண்ட பல நீளச் சங்கிலிகளின் கலவை. ஆறும்போது நீளமான சங்கிலிகள் முதலில் படிகமாகின்றன, குட்டையானவை இன்னும் திரவமாகவே இருக்கின்றன. சோயா மெழுகும் இப்படிப்பட்ட கலவைதான். ஆகவே முழுத் திரவத்துக்கும் முழுத் திடத்துக்கும் நடுவே சில டிகிரி அகலத்தில் ஒரு இடைவெளி உண்டு. பாத்திரத்தின் ஓரம் மங்கி, மேலே ஆடை படிவது அந்த இடைவெளி தொடங்கிவிட்டதற்கு அடையாளம். க்ரீமைப் போல நுரைக்க மெழுகை அடிக்க வேண்டிய நேரம் அதுதான்.

அடிக்கும்போது காற்று குமிழிகளாக உள்ளே போகிறது. வெறும் திரவமாக இருந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிதாகி, மேலே வந்து உடைந்துவிடும். இங்கே குட்டிக்குட்டித் தகடுகளாக இருக்கும் மெழுகுப் படிகங்கள் குமிழிகளைச் சுற்றி நின்று அவை சேராமல் தடுக்கின்றன. மற்ற படிகங்கள் சீட்டுக்கட்டில் கட்டிய வீட்டைப் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து ஒரு கூடு கட்டுகின்றன. உறையாத மெழுகு அந்தக் கூட்டின் இடுக்குகளில் தங்கிக்கொள்கிறது.

இந்தக் கூடு ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை அசையாது, அதற்கு மேல் போனால் உடைந்து ஓடும். பைப்பிங் பையை நாம் பிழிவது அந்த எல்லையைத் தாண்டுகிறது, மெழுகு ஓடுகிறது. நாசிலை விட்டு வெளியே வந்ததும் அதன் மேல் இருப்பது அதன் சொந்த எடை மட்டும். காற்று கலந்திருப்பதால் அந்த எடையும் குறைவு. அழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது, பிழிந்த சுருள் அப்படியே நின்றுவிடுகிறது. சூடு அதிகமாக இருந்தால் படிகங்கள் போதாமல் எடை ஜெயிக்கும், சுருள் வழியும். ஆறிவிட்டால் கூடு கையின் பலத்தை மிஞ்சும், நாசில் அடைக்கும்.

இதில் என்னை மிகவும் மகிழ்விக்கும் விஷயம் ஒன்று உண்டு. பால் க்ரீம் நுரைத்து நிற்பதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். குளிர்ந்த க்ரீமில் கொழுப்புத் துளிகள் பாதி உறைந்திருக்கும். அடிக்கும்போது அவை பாதி மட்டும் ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழிகளைச் சூழ்கின்றன. க்ரீமைக் குளிராக வைக்காவிட்டால் நுரைக்காது என்று கேக் செய்பவர்கள் சொல்வது அதனால்தான். ஆக, மெழுகு க்ரீம் அசலைத் தோற்றத்தில் மட்டும் பின்பற்றவில்லை, நிற்கும் முறையிலேயே பின்பற்றுகிறது. வெண்மையும் அப்படியே: உருகிய மெழுகு தெளிவாக இருக்கும், படிகங்களும் குமிழிகளும் வந்ததும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறி வெள்ளையாகிறது.

வாசகிக்கு இன்னொரு தகவல். ஒரு கிலோ பாரஃபின் உறையும்போது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்தான் இது. படிகமாகும் மெழுகு தன்னைத் தானே கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்வதால்தான் நமக்குப் பிழிய நேரம் கிடைக்கிறது. மெழுகு குறைவாக இருந்தால், அல்லது ஃபேன் காற்று நேரே பட்டால், அந்த நேரம் சுருங்கிவிடும். ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுவே. கட்டியானால் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்து மறுபடி அடியுங்கள்.

உள்ளுறை வெப்பத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்துதான் நம் பிள்ளைகளில் பலர் தேர்வெழுதுகிறார்கள். கொஞ்சம் மெழுகும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தால் அதை ஒரு வகுப்பே கண்ணால் பார்த்துவிடும். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு ஒதுக்கும் பணம் அவசியம்தான். பள்ளி ஆய்வகத்தின் சில்லறைச் செலவுக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே தொடர் உரைகள் நிகழ்த்தினார். சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதன் வழியே வரும் மெழுகு ஆவியை மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். எரிவது ஆவிதான் என்று அதைப் பார்த்த யாருக்கும் மறக்காது.

அந்த உண்மை நிறம் சேர்க்கும்போதும் உதவும். கேக்குக்குப் போடும் தண்ணீர்க் கலர் மெழுகில் கரையாது. க்ரேயானில் உள்ள நிறத் துகள்கள் ஆவியாகாமல் திரியை அடைத்துவிடும். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயமே சரி.

அப்புறம், "கெமிக்கல் இல்லாத சோயா மெழுகு" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றித்தான் அதைத் திடமாக்குகிறார்கள், வனஸ்பதிக்குச் செய்யும் அதே வினை. நல்ல மெழுகுதான், அதைப் புகழப் பொய் தேவையில்லை.

அசலைப் போலவே இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. உணவுபோல் தோன்றி மக்களை, குறிப்பாகக் குழந்தைகளை ஏமாற்றித் தீங்கு செய்யக்கூடிய பொருள்களை விற்கக்கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 1987-லேயே பொது விதி கொண்டுவந்தன. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்கு எச்சரிக்கை லேபிள் பயன்படாது. குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், எளிதில் பிய்ந்து வாய்க்குப் போகும் மெழுகு ஸ்ட்ராபெரி, செர்ரி எதையும் மேலே வைக்காதீர்கள். க்ரீம் சுருளோடு நிறுத்திக்கொண்டு, திரியை நன்றாக வெளியே தெரியும்படி விடுங்கள்.