மூன்று வரியில் முடிந்துபோன பூனைக் கதை

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்ட பூனையைப் பற்றி ஓர் இரவு கால் மணி நேரம் கதை சொன்னாள். கடைக்குட்டிக்கு மட்டும் பேச்சு வருமாம். அது மழையோடு சண்டை போடுமாம். மறுநாள் அதையே நோட்டில் எழுதச் சொன்னேன். "பூனை குட்டி போட்டது. குட்டி அழகாக இருந்தது. எனக்குப் பூனை பிடிக்கும்." அவ்வளவுதான். மழையோடு போட்ட சண்டை எங்கே போனது?

ஒரு வேலையைச் செய்யும்போது அதற்கு வேண்டியதை மூளை கொஞ்ச நேரம் கைவசம் பிடித்துவைக்கிறது. இதைப் பணிநினைவு என்கிறார்கள். இதில் இடம் மிகக் குறைவு. வளர்ந்தவர்களுக்கே ஒரே சமயத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான் நிற்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணக்கிட்டார். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

நமக்குக் கை தானாக எழுதும், மனம் கதையில் இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு வேலை. தமிழில் 'கொ' எழுதுவதை யோசித்துப் பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்'. கையோ முதலில் கொம்பு போட்டு, பிறகு 'க' எழுதி, கடைசியில் காலைச் சேர்க்க வேண்டும். அப்புறம் ழ-வா ள-வா, ர-வா ற-வா என்ற குழப்பம். இதற்கு மேல், வாயில் வரும் "ஓடிப்போச்சு" தாளில் "ஓடிவிட்டது" ஆக வேண்டும். பேச்சுத் தமிழில் பிறந்த கதையை அந்தப் பிள்ளை ஒவ்வொரு வரியிலும் மொழிபெயர்த்துக்கொண்டே எழுதுகிறது. இருக்கும் இடத்தையெல்லாம் இவையே பிடித்துக்கொண்டால் மழைச் சண்டை எங்கே நிற்கும்?

கனடாவில் மார்லீன் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் குழுவினர் 1980-களில் இதைச் சோதித்தார்கள். பிள்ளைகள் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதிக்கொண்டபோது படைப்புகள் நீண்டன. எழுதி முடித்துவிட்டேன் என்ற பிள்ளையிடம் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டதும் மேலும் நிறையவே வந்தது. கற்பனை வற்றிப் போயிருக்கவில்லை.

அதனால் வீட்டில் செய்யக்கூடியது எளிது. பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. கையெழுத்துப் பயிற்சியும் வேண்டும், கை பழகப் பழகத்தான் மனதில் இடம் காலியாகும். ஆனால் அது வேறு நேரத்தில் நடக்கட்டும். எழுதும்போதே பிழை திருத்தினால் பிள்ளை பிழை வராத சொற்களாகத் தேட ஆரம்பிக்கும். 'கிழவி' எழுத பயந்து 'பாட்டி' என்று எழுதிவிடும். கதையில் வந்தவள் கிழவி. முதல் வரைவில் சிவப்பு மையைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள்.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் எல்லோருக்கும் எழுதித் தர முடியாதுதான். எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் கதையைச் சொல்ல விடலாம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் தேர்வுக்கு இருக்கட்டும், கதைக்கு வேண்டாம்.

பரிசு விஷயத்திலும் கவனம் தேவை. மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஓவியம் பற்றியது, ஆனாலும் இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த மழலையர், பிற்பாடு தாமாக வரையும் நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

சரி, பூனைக்கு வருவோம். அன்று மாலை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாசித்துக் காட்டியதும், "குட்டி மழைகிட்ட என்ன சொல்லுச்சுன்னு போடவே இல்ல" என்று பென்சிலைப் பிடுங்கி அவளே எழுதினாள்: "போ மழ, அம்மா தூங்குது." 'மழ'வை நான் திருத்தவில்லை.