பூனையைத் துரத்தும் முன் கத்தியைக் கழுவுங்கள்

டோக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் பெயரைக் கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனைத் தாளில் கண்டதும் வீட்டுப் பூனையின் மேல்தான் பழி விழுகிறது. ஆனால் ஆறு ஐரோப்பிய நகரங்களின் கர்ப்பிணிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், பூனையோடு பழகுவது ஆபத்துக் காரணியாகத் தெரியவில்லை. அங்கே 30 முதல் 63 விழுக்காடு தொற்றுகள் சரியாக வேகாத இறைச்சியாலும், 6 முதல் 17 விழுக்காடு மண்ணாலும் வந்தவை.

இந்த ஒட்டுண்ணி பூனைக்குடலில் முட்டையிடுவது உண்மைதான். வேட்டை பழகும் குட்டிக்கு முதல்முறை தொற்றும்போது, ஓரிரு வாரம் லட்சக்கணக்கான நுண்முட்டைகள் மலத்தில் வெளியேறும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். புது மலம் தொற்றாது. முட்டை முதிர 1 முதல் 5 நாள் வேண்டும். ஆகவே பூனையைத் தடவுவதில் ஆபத்து குறைவு. அதன் மலத்தட்டைத் தினமும், கர்ப்பிணி அல்லாத வேறொருவர் சுத்தம் செய்தால் போதும்.

முதிர்ந்த முட்டையோ ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், தென்னையும் வாழையும் நிழலிட்ட விளைகளில் (தோட்டங்களில்) மண் எளிதில் காயாது. மரச்சீனிக்கிழங்கு பிடுங்கும்போதும் சேம்பு தோண்டும்போதும் நகக்கண்ணில் ஏறும் மண்தான் வாய்க்குப் போகிறது. கையுறை போடுங்கள், பிறகு சோப்பால் கழுவுங்கள். கிழங்கு வெந்துவிடும், கவலையில்லை. கிணற்றடியில் பறித்துப் பச்சையாக அரைக்கும் வல்லாரைத் துவையலில்தான் கவனம் வேண்டும்: இலை இலையாக ஓடும் நீரில் அலசுங்கள், இல்லையேல் வதக்கி அரையுங்கள். மழைநீர் வழிந்து விழும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் இந்த முட்டை சாகாது. கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

ஆடு, பன்றி இறைச்சியின் தசைக்குள் இருக்கும் இந்த ஒட்டுண்ணியின் நுண்கட்டிகள் 70 டிகிரி செல்சியஸில் அழிந்துவிடும். நம் குழம்பு நெடுநேரம் கொதிப்பதால் அதில் சிக்கலில்லை. பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே வெள்ளரி நறுக்குவதும், இறைச்சி வேகும் முன் உப்புப் பார்ப்பதும்தான் ஆபத்து.

கர்ப்பத் தொடக்கத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு குறைவு. பரவினால் மூளையும் கண்ணும் கடுமையாகப் பாதிக்கப்படலாம். கடைசி மாதங்களில் பரவுவது அதிகம், பாதிப்பு குறைவு. தாய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது.

தொற்றை எதிர்த்து ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்கள்தான் ஐஜிஜி, ஐஜிஎம். கர்ப்பத் தொடக்கத்தில் ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பழைய தொற்று; பயப்பட வேண்டாம். ஐஜிஎம் பல மாதம் நீடிக்கும் என்பதால், அது பாசிட்டிவ் ஆனாலே புதுத் தொற்று என்று முடிவுகட்டக் கூடாது. மருத்துவரிடம் அவிடிட்டி பரிசோதனை, அதாவது ஐஜிஜி ஒட்டுண்ணியோடு எவ்வளவு உறுதியாகப் பிணைகிறது என்று அளக்கும் பரிசோதனை, கேளுங்கள். முதல் 12 வாரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அது உயர்வாக இருந்தால், தொற்று கருத்தரிக்கும் முன்பே வந்தது.