கண்ட்ரோல் இசட் அழுத்தினால் விண்டோ ஏன் மூடிக்கொள்கிறது?

மொரிஷியஸின் எபென் சைபர் சிட்டி அலுவலகங்களில் பலருக்குக் கண் முன்னால் தெரியும் திரை ஒன்று, உண்மையில் வேலை நடக்கும் கணினி வேறொன்று. மேசையில் மேக் இருக்கும். திரையில் பாரிஸில் உள்ள விண்டோஸ் சர்வர் ஓடும். அதற்குள் இன்னொரு விண்டோவில் லினக்ஸ். பிரான்ஸ் நேரம் நம் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 3 மணி, கோடையில் 2 மணி பின்னால் இருப்பதால், அங்கே அலுவலகம் களைகட்டும்போது இங்கே மதியச் சாப்பாட்டு வேளை. உதவிப் பிரிவில் எனக்கு அழைப்புகள் குவிவதும் அப்போதுதான். “அண்ணா, ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யலை” என்பார்கள். வேலை செய்யாமல் போனால் பரவாயில்லை. வேறு வேலையைச் செய்துவிட்டால்தான் வம்பு.

மொரிஷியஸில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் நம் கீபோர்டுகள். ஒரே அறையில் ஆங்கில குவெர்ட்டியும் பிரெஞ்சு அசெர்ட்டியும் அடுத்தடுத்து இருக்கும். அசெர்ட்டியில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும். இசட்டும் டபிள்யூ-வும் அப்படியே. எம் எழுத்து எல்-க்கு வலப்புறம் போய்விடும். இப்போது உங்கள் கையில் குவெர்ட்டி, சர்வரில் பிரெஞ்சு அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக அடித்ததைத் திரும்பப் பெற கண்ட்ரோல் இசட் அழுத்துகிறீர்கள். சர்வர் அதை கண்ட்ரோல் டபிள்யூ என்று படிக்கிறது. பிரவுசரில் அந்த டேப் மூடிவிடும், பாதி நிரப்பிய படிவமும் அதோடு போய்விடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் ஏ அழுத்தினால் அது கண்ட்ரோல் க்யூ ஆகும். பல மென்பொருள்களில் அதற்கு ‘வெளியேறு’ என்று பொருள்.

ஏன் இப்படி? தொலைவிலுள்ள கணினியை நம் திரையில் இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை அனுப்புகிறது. அந்த இடத்தில் என்ன எழுத்து என்பதை அந்தப் பக்கம் முடிவு செய்யும். இணையும்போது உங்கள் கீபோர்டு அமைப்பு என்ன என்பதையும் இங்கிருந்து சொல்லி அனுப்பும் என்பதால் பெரும்பாலும் சரியாகவே நடக்கும். ஆனால் அந்தத் தகவலைக் கண்டுகொள்ளாதே என்று சில சர்வர்களில் நிர்வாகியே ரெஜிஸ்ட்ரி எனும் விண்டோஸ் அமைப்புப் பட்டியலில் அமைத்திருப்பார். வேறு சமயம் உங்கள் விரலே ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தி, தெரியாமல் மொழியை மாற்றிவிட்டிருக்கும். கோயில் அறிவிப்பைத் தமிழில் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே இணைபவர்களும் உண்டு; அந்தத் தமிழ் அமைப்பும் கூடவே போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அங்கே நோட்பேடைத் திறந்து ஏ, இசட், எம் மூன்றையும் அடித்துப் பாருங்கள். எம்முக்குப் பதில் காற்புள்ளி வந்தால் சர்வர் பிரெஞ்சில் இருக்கிறது. சர்வரின் டாஸ்க்பாரில் உள்ள மொழிக் குறியைக் கிளிக் செய்து மாற்றிவிடலாம்.

பாஸ்வேர்டில் இதே சிக்கல் இன்னும் மோசம். அசெர்ட்டியில் எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். இமெயில் முகவரியில் வரும் அட் குறிக்கு ஸ்பேஸ் பாருக்கு வலப்புறமுள்ள ஆல்ட்ஜிஆர் விசையும் சுழியமும் சேர வேண்டும். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிவதால், சரியாகத்தான் அடிக்கிறோம் என்ற நம்பிக்கையில் அடித்துக்கொண்டே இருப்போம், கணக்கு பூட்டிக்கொள்ளும். சிலர் சரிபார்க்க பாஸ்வேர்டு முழுவதையும் யூசர்நேம் பெட்டியில் அடித்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தப்பித் தவறி என்டர் தட்டினால், தோல்வியுற்ற லாகின் பதிவில் உங்கள் பாஸ்வேர்டு பயனர் பெயராக எழுதப்பட்டுவிடும். சந்தேகமான ஓரிரு குறிகளை மட்டும் அடித்துப் பார்த்து அழித்துவிடுங்கள்.

அடுத்தது, விசை யார் கைக்குப் போகிறது என்பது. விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு இணையும்போது, ஆல்ட் டேப், விண்டோஸ் விசை போன்றவை முழுத்திரையில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகும். சிறிய விண்டோவாக வைத்திருந்தால் உங்கள் கணினியே எடுத்துக்கொள்ளும். இணைப்பு மென்பொருளில் லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் இதை மாற்றலாம். மாற்ற விருப்பமில்லையென்றால் ஆல்ட் பேஜ்அப் அழுத்துங்கள், அங்கே ஆல்ட் டேப் செய்யும் வேலையைச் செய்யும். கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் எப்போதும் உள்ளூர்க் கணினிக்குத்தான். அங்கே அனுப்ப வேண்டியது கண்ட்ரோல் ஆல்ட் எண்ட். சர்வருக்குள் இன்னொரு சர்வர் என்றால் அதையும் முதல் சர்வரே பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சர்வரில் திரைக் கீபோர்டைத் திறந்து, கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் கையால் பிடித்துக்கொண்டு டெலிட்டை மவுஸால் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் எல் அழுத்தினால் பூட்டுவது உங்கள் மேசைக் கணினி. அதுவும் நல்லதுதான், டீ குடிக்கப் போகும்போது.

மேக்கில் பழகியவர்கள் கட்டைவிரலால் கமாண்ட் சி அழுத்துவார்கள். வழக்கமான அமைப்பில் கமாண்ட் அங்கே விண்டோஸ் விசையாகத்தான் சேரும். முன்பு மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் என்று இருந்து 2024-இல் விண்டோஸ் ஆப் என்று பெயர் மாறிய செயலியின் அமைப்புகளில், வெட்ட, நகலெடுக்க, ஒட்ட மேக் குறுக்குவிசைகளையே பயன்படுத்தும் வசதி இருக்கிறது. போட்டுவையுங்கள். கமாண்ட் க்யூ மட்டும் மேக்குக்கே சொந்தம், செயலியையே மூடிவிடும். மேக் லேப்டாப்பில் டெலிட் என்று எழுதியிருப்பது உண்மையில் பேக்ஸ்பேஸ். விண்டோஸின் டெலிட் வேண்டுமானால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

லினக்ஸ் பக்கம் போகும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கண்ட்ரோல் சி நகலெடுக்காது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தும். லாக் பதிவில் வந்த பிழைச்செய்தியை நகலெடுக்கப் போய் இரவெல்லாம் ஓடிய பேக்கப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான லினக்ஸ் டெர்மினல்களில் நகலெடுக்க கண்ட்ரோல் ஷிஃப்ட் சி. விண்டோஸிலிருந்து லினக்ஸ் டெர்மினலுக்கு இணைய உதவும் புட்டி என்றால் மவுஸால் தேர்ந்தெடுத்தாலே நகலாகிவிடும். வலது கிளிக் உடனே ஒட்டிவிடும், கேட்காது. கண்ட்ரோல் எஸ் அழுத்தித் திரை உறைந்துபோனால் பதறி இணைப்பைத் துண்டிக்காதீர்கள், கண்ட்ரோல் க்யூ போதும். டெர்மினலில் ஒரு சொல்லை அழிக்கும் கண்ட்ரோல் டபிள்யூ, சர்வரின் திரையைக் காட்டியபடி பிரவுசருக்குள் ஓடும் கன்சோலில் டேப்பையே மூடிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பெரிய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியின் கன்சோல். திரை கறுப்பாக இருந்தால் விண்டோஸ் பழக்கத்தில் மெனுவைத் திறந்து கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் அனுப்புவோம். விண்டோஸில் அது லாகின் திரையைக் கொண்டுவரும். பல லினக்ஸ் சர்வர்களில் எந்தக் கேள்வியும் இல்லாமல் ரீபூட் ஆகிவிடும். பாரிஸில் கடை திறந்திருக்கும் நேரத்தில் அதைச் செய்தால் தொலைபேசி எப்படி அலறும் என்று சொல்லத் தேவையில்லை. கறுப்புத் திரையை எழுப்ப வெறும் ஷிஃப்ட் விசை போதும். சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யில் கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் விசைக்கூட்டை இன்றைக்கே முடக்கிவிடுங்கள். ஒரு வரிக் கட்டளைதான்.