கிரவுண்ட் லூப்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வால் சக்கரம் வைத்த சிறு விமானம் ஒழுங்காக இறங்கி, ஓடுபாதையில் வேகம் தணிந்துகொண்டிருக்கும். திடீரென்று மூக்கு ஒரு பக்கம் திரும்பும். விமானி சுதாரிப்பதற்குள் வால் வட்டமடித்து முன்னால் வந்துவிடும். இதுதான் கிரவுண்ட் லூப். திருப்பம் கடுமையாக இருந்தால் இறக்கை நுனி தரையில் இடிக்கும், சக்கரக் கால் மடங்கும்.

'லூப்' வான சாகசத்தில் வரும் சொல். விமானம் செங்குத்தாக ஏறி, தலைகீழாகி, வட்டத்தை முடித்துப் பழைய நிலைக்கு வருவது. 1913இல் கீவ் நகரில் ரஷ்ய விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் இதைச் செய்து காட்டினார். அந்த வட்டம் தரையில் படுக்கைவாட்டில் நடந்தால் கிரவுண்ட் லூப். அரைவட்டத்தில் நின்றாலும் பெயர் அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஷெவால் த புவா' என்கிறார்கள். மரக்குதிரை, அதாவது ராட்டினக் குதிரை. ஆங்கிலத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வால் சக்கர விமானத்துக்கு ஏன் இந்தத் தொல்லை அதிகம்? அதன் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் கொஞ்சம் கோணலானதும், பின்னாலிருக்கும் எடை பழைய திசையிலேயே போகப் பார்க்கும். அதனால் திருப்பம் இன்னும் கூடும். டிராக்டர் டிரெய்லரை ரிவர்ஸில் தள்ளியவர்களுக்கு இது புரியும். மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கோணல் தானே நிமிரும். செஸ்னா 170 என்ற வால் சக்கரச் சிறு விமானத்துக்கு மூக்குச் சக்கரம் வைத்து 1956இல் செஸ்னா 172 வந்ததும், மக்கள் அதற்கு மாறியதும் சும்மா இல்லை.

பக்கக் காற்று இருந்தால் நிலைமை மோசம். அது வாலைத் தள்ளி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பும். வேகம் குறையக் குறைய, விமானி காலால் இயக்கும் வால் சுக்கானுக்குப் பிடிப்பும் குறையும். அதனால், இறங்கியாயிற்று என்று கால் ஓய்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். கோணல் பெரிதாவதற்கு முன்பே காலால் திருத்திவிட வேண்டும்.

இறங்கும்போது மட்டும்தான் நடக்கும் என்றும் இல்லை. 1937 மார்ச் 20 அன்று ஹவாயில் அமெரிக்க விமானி அமேலியா இயர்ஹார்ட்டின் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம், மேலெழ ஓடும்போதே இப்படிச் சுழன்று சக்கரக் கால்கள் உடைந்தன. உலகைச் சுற்றிவர அவர் தொடங்கியிருந்த பயணம் அந்த முறை அங்கேயே நின்றது. விமானத்தைக் கப்பலேற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

சரி, தமிழில்? 'தரை வளையம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால், தரையில் கிடக்கும் ஏதோ ஒரு வளையம்தான் நினைவுக்கு வரும். இன்னொரு குழப்பமும் உண்டு. ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரவைக்கும் மின்கோளாறுக்கும் கிரவுண்ட் லூப் என்றே பெயர். அங்கே 'கிரவுண்ட்' என்பது நம் எலக்ட்ரீஷியன் சொல்லும் எர்த். அதை 'எர்த் வளையம்' என்றால் போதும். விமானத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 'தரைச்சுழல்வு'. 'ஓடுபாதை விலகல்' இதற்கு ஈடாகாது: பாதையை விட்டு வெளியேறாமலே விமானம் சுழலலாம், சுழலாமலே நேராக வெளியேறியும் போகலாம். செய்தியில் எழுதும்போது பெயர்ச்சொல்கூட வேண்டாம், 'இறங்கிய விமானம் ஓடுபாதையில் சுழன்று இறக்கை உடைந்தது' என்றால் யாருக்கும் விளங்கும்.