பண்பாட்டு அபகரிப்பு: சொல் விளக்கம்

கே-பாப் எனும் கொரியப் பாப் இசையின் ரசிகர்கள் 'கல்ச்சுரல் அப்ரோப்ரியேஷன்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்ட தொடருக்குத் தமிழில் பரவலாக வழங்குவது பண்பாட்டு அபகரிப்பு. ஒரு மக்களின் உடையையோ சிகையையோ வழிபாட்டுப் பொருளையோ, வலுவான இடத்தில் இருப்பவர்கள் அதன் பொருள் அறியாமல், உரியவரைப் பொருட்படுத்தாமல் எடுத்துத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது.

லத்தீனில் 'ப்ரோப்ரியுஸ்' என்றால் தனக்கே உரியது. அதிலிருந்து பிறந்த வினை தனதாக்கிக்கொள்வதை மட்டுமே குறித்தது. காலனியம் பற்றிய கல்விப்புல விவாதங்களில் புழங்கித்தான் இந்தத் தொடரில் குற்றச்சாட்டின் காரம் ஏறியது. கொரியர்களிடம் இதற்கு இரண்டு தொடர்கள் உண்டு. 'முன்ஹ்வா ஜொன்யூ' என்றால் பண்பாட்டைத் தனக்கே உரித்தாக்கல்; 'முன்ஹ்வா தோயோங்' என்றால் திருடிப் பயன்படுத்தல்.

நம் 'அபகரிப்பு' வடமொழி வழி வந்தது. பறித்துக்கொள்ளுதல் என்று பொருள். நில அபகரிப்பு வழக்குகளால் நன்றாக அறிமுகமான சொல்தான். ஆனால் நிலத்தை அபகரித்தால் உரியவர் கையில் நிலம் இருக்காது. கறுப்பின மக்களின் சடைப்பின்னலை சியோலில் ஒருவர் போட்டுக்கொண்டால் அவர்கள் தலையில் பின்னல் குறைந்துபோவதில்லை. வேர்ப்பொருளுக்கு நெருக்கமானது 'தன்வயமாக்கல்'. குற்றம் சாட்டும் இடத்தில் அபகரிப்பு, விவரிக்கும் இடத்தில் தன்வயமாக்கல் என்று பிரித்து எழுதலாம்.

இந்தத் தொடரை எல்லாச் சண்டைக்கும் ஒட்டுவதுதான் சிக்கல். 2017-இல் மாமாமூ என்ற கே-பாப் குழுவினர் ஓர் அமெரிக்கப் பாடலைப் பகடி செய்த காணொளியில் முகத்தில் கருமை பூசி நடித்து, பிறகு மன்னிப்புக் கேட்டனர். அது இனக்கேலி; அபகரிப்பு என்றால் குற்றம் இலேசாகிவிடும். 2020 ஜூனில் வெளியான பிளாக்பிங்க் குழுவின் 'ஹௌ யூ லைக் தட்' காணொளியில் விநாயகர் சிலை அலங்காரப் பொருள்போலத் தரையில் வைக்கப்பட்டிருந்தது. இந்திய ரசிகர்கள் கொதித்ததும் சிலை மட்டும் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. சாமியைத் தரையில் வைத்ததே அன்று பலருக்கும் உறுத்தியது. அந்தக் கோபத்துக்கு 'அவமதிப்பு' பொருந்தும். கேட்பாரற்ற செட் பொருளாக எடுத்தாண்டதற்குத்தான் 'அபகரிப்பு'.

அதே காணொளியில் குழுவினர் கொரியர்களின் மரபு உடையான ஹான்போக்கை நவீனமாக்கி அணிந்து ஆடினர். அந்த உடை யாருடையது என்பது தனிச் சண்டை. அதே ஆண்டு நவம்பரில், ஒரு சீன உடையலங்காரக் கைபேசி விளையாட்டு ஹான்போக்கைச் சேர்த்து, அது சீன உடை என்ற எதிர்ப்பு எழுந்ததும் நீக்கி, கொரியச் சேவையையே மூடியது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், சீனாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றின் உடையாக ஹான்போக் வந்ததும் தென் கொரியா கொந்தளித்தது. சீனாவில் கொரிய வம்சாவளியினர் வாழ்கிறார்கள், அது அவர்களுடைய உடையும்தான் என்றது சீனத் தூதரகம்.

கொரியர்கள் இதை 'ஹான்போக் கொங்ஜொங்' என்கிறார்கள். கொங்ஜொங் என்றால் திட்டப்பணி. கொகுர்யோ என்ற பழங்கால அரசின் வரலாற்றைச் சீன வரலாற்றுக்குள் அடக்கப் பார்த்ததாகக் கொரியர்கள் குற்றம் சாட்டும், 2002-இல் தொடங்கிய சீன ஆய்வுத் திட்டத்தின் பெயரில் இருந்து எடுத்த குத்தல் அது. யார் முதலில் உடுத்தியது என்ற இந்த வழக்கைத் தமிழில் 'பண்பாட்டு உரிமைப் பூசல்' என்று எழுதினால் குழப்பமில்லை.